பிராண்டனுக்குக் குடிபோகலாமா? இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பத்து வருடமாக வாடகை வீடு. இப்போது உங்களுக்கு மானிட்டோபா மாகாணத்தின் பிராண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி கணக்காளர். ஏழு வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன். பைபாஸ் செய்துகொண்ட அப்பாவும் கூட இருக்கிறார். "வீடு மலிவு, நெரிசல் இல்லை என்கிறார்கள். வாழ்க்கை எப்படி இருக்கும், நம்பி வரலாமா?" என்று கேட்கிறீர்கள்.

நான் 2012இல் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனின் மூஸ் ஜாவுக்கு வந்தேன். அங்கே இரண்டு குளிர்காலம், அதற்குப் பிறகு பிராண்டன். இத்தனை வருடத்தில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பெட்டி கட்டிக்கொண்டு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டு விலை பிடிக்கவில்லை என்று திரும்பியவர் ஒருவர்கூட இல்லை.

இந்த ஊர்களில் எதுவானாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பெரிய மருத்துவமனை ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று, உங்கள் துறையில் முதலாளி ஒருவர். அந்த ஒன்று ஒழுங்காக ஓடும்வரை ஸ்கார்பரோவைவிட இங்கே வாழ்க்கை சுகம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒன்று காலை வாரினால் இரண்டாவதாக ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறதா? நான் எதையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்.

வேலையிலிருந்து தொடங்கலாம். உங்கள் வேலை கையில் இருக்கிறது, சரி. உங்கள் மனைவியின் வேலை? இங்கிருந்து கிளம்பிய குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு காரணத்தால்தான் கிளம்பின. ஒருவருக்கு வேலை, இன்னொருவர் வீட்டில், வெளியே மைனஸ் முப்பது. எத்தனை மாதம் தாங்கும்? உங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பிராண்டனில் 2021 கணக்கெடுப்பின்படி 51,313 பேர்தான். ஆனால் மேற்கு மானிட்டோபாவின் விவசாய ஊர்கள் முழுவதும் மருத்துவத்துக்கும் கடைக்கும் வழக்கறிஞருக்கும் கணக்கருக்கும் இங்கேதான் வருகின்றன. அதனால் தலைக்கணக்கைவிடப் பெரிய ஊர் போல இது நடந்துகொள்ளும். நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் எம்என்பி என்ற கணக்கியல் நிறுவனமே இங்கே தொடங்கியதுதான். ஆனால் வேலையின் சுபாவம் வேறு. கனடாவில் விவசாயிகள் ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைக்கு வந்த வருடத்து வருமானமாக, கணக்குக் காட்டலாம். செப்டம்பரில் அறுத்த கோதுமைக்கான பணத்தை ஜனவரிக்குத் தள்ளி வாங்குவது, தகப்பன் நிலத்தை மகன் பெயருக்கு மாற்றும்போது வரும் வரி, இதெல்லாம் இங்கே அன்றாடப் பாடு. டொராண்டோ அனுபவத்தோடு இதையும் கற்றுக்கொள்ளத் தயார் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் விடாமல் வேலை விளம்பரங்களைப் பார்த்து, அவருக்குப் பொருந்துவது எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். அந்த எண் ஐந்தைத் தாண்டவில்லை என்றால் யோசியுங்கள்.

அடுத்தது பணம். தனி வீடு மூன்று, மூன்றரை லட்சம் டாலருக்குக் கிடைக்கும், உண்மை. அந்த விலையைக் கேட்டதும் டொராண்டோக்காரர்கள் வந்த மாதமே வீடு வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். சின்ன ஊரில் வாங்குவது சுலபம், விற்பதற்கு ஆள் வர வேண்டும். இன்னொன்று, வருமான வரி. ஒன்டாரியோவில் மாகாண வரி முதல் படியில் 5.05 சதவீதம், அடுத்ததில் 9.15. மானிட்டோபாவில் அதுவே 10.8, பிறகு 12.75. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து என் நண்பர் ஒருவர் தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று அலுவலகத்துக்கே போன் போட்டார். சொத்து வரியும் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் டொராண்டோவைவிடக் கூடுதல் விகிதம். மறுபக்கத்தில் மின்சாரம் மலிவு, மாகாண மின் நிறுவனமான மானிட்டோபா ஹைட்ரோவின் புண்ணியம். கார் இன்சூரன்ஸ் மாகாண அரசு நிறுவனத்திடம். ஸ்கார்பரோ முகவரிக்கு நீங்கள் கட்டும் தொகையை நினைத்தால் சிரிப்பு வரும். கூட்டிக் கழித்தால் லாபம்தான், ஆனால் வீட்டு விலை காட்டும் அளவுக்கு இல்லை.

வாங்கும் நாள் வந்தால் பேஸ்மென்ட்டுக்குத்தான் முதலில் இறங்க வேண்டும். அசினிபோய்ன் ஆறு 2011இலும் 2014இலும் இங்கே பெருக்கெடுத்தது. ஆற்றங்கரைத் தாழ்வில் இருக்கும் வீடு என்றால் அந்த இரண்டு வருடமும் என்ன ஆனது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள், விற்பவரை அல்ல. பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருக்கிறதா, சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரேடான். மண்ணிலிருந்து கசிந்து பேஸ்மென்ட்டில் தேங்கும் வாயு. நிறமில்லை, மணமில்லை, நுரையீரல் புற்றுநோய் தரும். பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளிச் சமவெளியின் மண்ணில் இது கூடுதல். கனடா சுகாதாரத் துறை வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். வட்டமான சின்னக் கருவி ஒன்றைக் குளிர்காலத்தில் மூன்று மாதம் அலமாரியில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். அளவு கூடினால் குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்துவிடலாம். பிள்ளைகளின் படுக்கையறை பேஸ்மென்ட்டில் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இனி உங்கள் அப்பா. கேள்வியில் அவரைக் கடைசியில் போட்டிருந்தீர்கள், நான் முன்னால் எடுத்து வைக்கிறேன்.

பிராண்டனில் நல்ல மருத்துவமனை இருக்கிறது. டயாலிசிஸ் உண்டு, புற்றுநோய் சிகிச்சை மையம் உண்டு. ஆனால் இதய அறுவை சிகிச்சை என்றால் மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் செயின்ட் பொனிஃபேஸ் மருத்துவமனைதான். 215 கிலோமீட்டர். ஜூலையில் அது இரண்டேகால் மணி நேரப் பயணம், வழியெல்லாம் மஞ்சள் பூத்த கனோலா வயல். ஜனவரியில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு முறை என் மனைவிக்கு வின்னிபெக்கில் ஒரு சிறப்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தோம், ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். முந்தின இரவு பனிப்புயல், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். மூடுவது என்றால் தடுப்புக் கட்டை இறக்கி, போலீஸ் வண்டி குறுக்கே நின்று, நிஜமாகவே மூடுவது. மறுநாள் காலை கிளினிக்கைக் கூப்பிட்டால் அடுத்த நேரம் நான்கு மாதம் கழித்து. யாரையும் குறை சொல்லி என்ன பயன், அங்கே இருந்த ஊழியருக்கும் அன்று முழுவதும் அதே அழைப்புகள்தான். அதிலிருந்து குளிர்காலத்தில் வின்னிபெக் மருத்துவர் நேரம் என்றால் முதல் நாளே போய் அறை எடுத்துத் தங்கிவிடுகிறோம். அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குடும்ப மருத்துவர் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். கிளம்பும் முன் அப்பாவின் அறுவை சிகிச்சைக் குறிப்புகள், கடைசி எக்கோ, ஆஞ்சியோ எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். மூன்று மாத மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மானிட்டோபா சுகாதார அட்டை நீங்கள் வந்த மூன்றாவது மாதத்தின் முதல் தேதியில்தான் தொடங்கும். அதுவரை ஒன்டாரியோவின் சுகாதாரக் காப்பீடான ஓஹிப் செல்லும், அதை ரத்து செய்ய அவசரப்பட வேண்டாம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை வேறு. இப்போது உங்கள் அப்பா காலையில் எழுந்து என்ன செய்கிறார்? பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போகிறாரா? மாலில் நாலு பேரோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாரா? தமிழிலேயே பேசி முடி வெட்டிக்கொண்டு, தமிழிலேயே பேசி மருந்து வாங்கி வருகிறாரா? இங்கே அதில் எதுவும் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நடைபாதை பனிக்கட்டி. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அறுபத்தைந்துக்கு மேல் எழுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்கள் காலையில் மாலுக்குள் நடக்கிறார்கள், கடை திறக்கும் முன்பே. என் மாமனாரும் இரண்டு குளிர்காலம் அப்படி நடந்தார். ஒரு உக்ரைனியத் தாத்தாவோடு பழக்கம் பிடித்து, இருவரும் பாதி ஆங்கிலம் பாதி கையசைவில் முட்டிவலி பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. எல்லாருக்கும் போதாது. அப்பாவிடம் நேரடியாகக் கேளுங்கள், "உனக்கு எங்கே என்றாலும் சரி" என்று அவர் சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. டொராண்டோக் குளிர் எனக்குத் தெரியும், நானும் வந்து போயிருக்கிறேன். அது ஈரக் குளிர், சாம்பல் வானம், சேறு. இங்கே மைனஸ் முப்பதில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். சூரியனுக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சூரியன் மாதிரி ஒளிப்பொட்டு தெரியும். பனி காலடியில் ஸ்டைரோஃபோம் போலக் கிரீச்சிடும். மூக்குக்குள் மயிர் உறைவது முதல் மூச்சிலேயே தெரியும். அழகுதான். ஆனால் விண்ட்சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் நாற்பதைத் தொட்டால் மூடாத தோல் ஐந்து பத்து நிமிடத்தில் உறைந்துவிடும். பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்வயர் தொங்குவதைப் பார்ப்பீர்கள். அது பிளாக் ஹீட்டர், எஞ்சினைச் சூடாக வைக்க. இரவில் செருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. அபார்ட்மென்ட் பார்க்கும்போது வாகன நிறுத்தத்தில் பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி கிளம்பினாலும் முதல் சில நூறு மீட்டர் டயர் தடக் தடக் என்று அடிக்கும். ஒரே இடத்தில் நின்று உறைந்து அடிப்பக்கம் தட்டையாகிவிடுகிறது. பஞ்சர் என்று நினைத்து நான் முதல் வருடம் மூன்று முறை இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

முதல் குளிர்காலம் எல்லாருக்கும் ஓடிவிடும். படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதிலேயே பாதி போய்விடும். ஆளைச் சோதிப்பது இரண்டாவதுதான். எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில், மூஸ் ஜாவில், அதிகாலை மூன்று மணிக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றது. வெளியே மைனஸ் 38. வீட்டுச் சூடு மளமளவென்று இறங்குகிறது. பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டால், வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார்; ஆனால் போனிலேயே ஒரு கேள்வி கேட்டார். "வெளியே சுவரில் வெள்ளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பார்த்தீர்களா?" டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். ஃபர்னஸ் காற்று இழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயின் வாய் முழுக்க உறைபனி பூப்பூவாய்ப் படர்ந்து அடைத்திருந்தது. தொடப்பக்கட்டையால் நாலு தட்டு தட்டினேன், உதிர்ந்தது. உள்ளே வந்து சுவிட்சைப் போட்டதும் ஃபர்னஸ் உறுமியது. அன்றிலிருந்து அந்தக் கட்டை பின் வாசலிலேயே நிற்கிறது. இந்த மாதிரி சின்ன விஷயங்களை யாரும் எழுதி வைப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லித் தருவார். சொல்லவும் செய்வார். அந்த விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஈடு கிடையாது, கேட்காமலேயே உங்கள் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போவார்கள்.

கார் இரண்டு வேண்டும். ஊருக்குள் பஸ் ஓடுகிறது, ஆனால் அதை நம்பி இரண்டு வேலையும் ஒரு குழந்தைக் காப்பகமும் நடத்த முடியாது. ஊர் விட்டு ஊர் போவது இன்னும் மோசம். சஸ்காட்செவன் அரசின் பஸ் நிறுவனம் 2017 மே மாதத்தோடு மூடப்பட்டது. மேற்குக் கனடாவில் கிரேஹவுண்ட் பஸ் 2018 அக்டோபரோடு போனது. சஸ்காட்செவனின் தலைநகர் ரெஜைனாவுக்குப் பயணிகள் ரயில் 1990 ஜனவரியிலிருந்து இல்லை. கார் ஓட்டாதவருக்கு பிரெய்ரி ஒரு தீவு. மனைவிக்கு ஒன்டாரியோவின் முழு ஓட்டுநர் உரிமமான ஜி லைசென்ஸ் இல்லை என்றால் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள்.

மூன்று வயது மகனுக்குக் காப்பகம்: உரிமம் பெற்ற மையங்களில் நாளுக்கு 10 டாலர்தான். ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே. வீடு தேடும் முன் காப்பக வரிசையில் பெயரைப் பதியுங்கள். மனைவி வேலைக்குப் போவது அதைப் பொறுத்துத்தான்.

குற்றம் பற்றி யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். குற்றங்களின் எண்ணிக்கையையும் கடுமையையும் சேர்த்துக் கணக்கிடும் குற்றத் தீவிரக் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்தால் பிரின்ஸ் ஆல்பர்ட், நார்த் பாட்டில்ஃபோர்ட் போன்ற பிரெய்ரி ஊர்கள் மேலேயே நிற்கும். சின்ன ஊரில் சில கடுமையான வழக்குகள் வந்தாலே தலைக்கணக்கில் குறியீடு ஏறிவிடும். அதுவும் சில தெருக்களில் குவிந்திருக்கும். தெருத் தெருவாக விசாரியுங்கள். ஆனால் விசாரிக்கும்போது பூர்வகுடி மக்களைப் பற்றி வாய் கூசாமல் பேசுபவர்களையும் சந்திப்பீர்கள். அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அவர்களின் பிள்ளைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் அடைத்த உறைவிடப் பள்ளி ஒன்று பிராண்டனிலேயே இருந்தது, அங்கே இறந்த பிள்ளைகளின் பெயரில்லாத கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. நாம் புதிதாக வந்தவர்கள், கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 1999இல் திறந்த மேப்பிள் லீஃப் பன்றி இறைச்சி ஆலைக்கு எல் சால்வடார், சீனா, உக்ரைன், மொரீசியஸ் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அதனால் அரிசி, பருப்பு, மிளகாய்க்குப் பஞ்சமில்லை. மொரீசியஸ்காரர் ஒருவர் தன் பெயரைச் சொன்னபோது அது நம் பாட்டன் பெயராக இருந்தது, இருவருக்கும் அடுத்த வார்த்தை வரவில்லை. தோசை மாவு புளிக்க அடுப்பு விளக்கைப் போடுவீர்கள், இங்கே ஃபர்னஸ் அறையில் வையுங்கள், ஒரே இரவில் பொங்கும். கோயில், தமிழ் வகுப்பு, பரதநாட்டியம் எல்லாவற்றுக்கும் வின்னிபெக் அல்லது இணையம். மகள் இப்போது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள் என்றால் இந்த இழப்பு பெரிது. மறைக்க மாட்டேன்.

வேறு ஊர்களையும் யோசிக்கிறீர்களா என்று தெரியவில்லை, இரண்டொரு வார்த்தை. மூஸ் ஜாவில் 33,665 பேர். ஆனால் ரெஜைனா 70 கிலோமீட்டர்தான், அதனால் இரண்டாவது வேலை, இரண்டாவது மருத்துவமனை எல்லாம் முக்கால் மணி நேரத்தில். சின்ன ஊராக இருந்தும் என் கேள்வியில் அது தேறிவிடும். ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் கிட்டத்தட்ட லட்சம் பேர் உள்ள ஊர். சினூக் என்ற வெப்பக் காற்று வந்தால் நடுக்குளிரில் சில மணி நேரத்திலேயே பனி உருகி ஓடும், மாகாண விற்பனை வரி கிடையாது. காற்று மட்டும் ஆளைத் தள்ளும், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சினூக்கைச் சபிப்பார்கள். மெடிசின் ஹாட்டில் வெயில் அதிகம், ஆனால் கால்கரி மூன்று மணி நேரம்.

இப்போது செய்ய வேண்டியது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் பிப்ரவரியில் ஒரு வாரம் வாருங்கள். மார்ச் கடைசியில் ராயல் மானிட்டோபா குளிர்காலக் கண்காட்சி நடக்கும். குதிரை, கன்றுக்குட்டி, பாப்கார்ன் என்று ஊரே திருவிழா மாதிரி இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நடுத்தெருவில் காரை நிறுத்திப் பாருங்கள், அந்த அமைதி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று. அப்பாவையும் கூட்டி வாருங்கள். மனைவியை ஒரு நாள் தனியாக விட்டு, அவரே கார் ஓட்டிக் கடை, நூலகம், காப்பகம் என்று போய் வரட்டும். மாலையில் அவர் முகத்தைப் பாருங்கள்.

வந்தால் சொல்லுங்கள், ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. வரும்போது கறிவேப்பிலை இரண்டு கட்டு கொண்டு வாருங்கள். பெட்டியில் போடாதீர்கள், கோட்டுக்குள் வைத்து எடுத்து வாருங்கள். விமான நிலைய வாசலிலிருந்து காருக்கு நடக்கும் இரண்டு நிமிடத்திலேயே கறுத்துவிடும்.